அப்பாவின் கடவுச்சொல் நோட்டு: வைத்திருக்கலாமா, கிழித்துவிடலாமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு, மின் கட்டணம், சமையல் எரிவாயு, ரயில் முன்பதிவு, மின்னஞ்சல் என எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கோடு போட்ட நோட்டு ஒன்றில் நீல மையில் எழுதி வைத்திருக்கிறார். மாற்றும்போது பழையதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியிட்டுப் புதியதை எழுதுவார். நோட்டு பீரோவில், வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது.

சென்ற வாரம் வந்திருந்த என் சித்தப்பா மகன் இதைப் பார்த்துவிட்டு, "தாளில் எழுதி வைப்பதைப் போல ஆபத்து வேறில்லை பெரியப்பா, இதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறக்க முடியாத கடினமான சொல் ஒன்றை எல்லாக் கணக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பா அன்றிலிருந்து எந்தக் கணக்கிலும் நுழையாமல் தயங்கிக்கொண்டிருக்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரான் (கணினிப் பாதுகாப்புத் துறையில் பணி)

நோட்டைக் கிழிக்க வேண்டாம், சகோதரி. உங்கள் தம்பி சொன்ன இரண்டு யோசனைகளில் முதலாவது தேவையற்றது. இரண்டாவதோ உண்மையிலேயே ஆபத்தானது.

யாரிடமிருந்து காக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்து உள்ளே வருகிறவன் நகைக்கும் ரொக்கத்துக்கும் வருகிறான். கடவுச்சொல்லுக்காக அலைகிறவனோ கண்காணாத இடத்தில் இருந்துகொண்டு, ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் ஒரு நிரலிடம் கொடுத்து, அவற்றை மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறான். உங்கள் பீரோ அவனுக்கு எட்டாது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சொல்லை வைத்திருப்பவரின் எல்லாக் கணக்குகளும் ஒரே நாளில் அவன் கைக்குப் போய்விடும்.

இது கற்பனையான அச்சம் அன்று. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் திருடுபோயின. அவற்றை அந்நிறுவனம் மறைக்காமல் அப்படியே எழுத்தாகச் சேமித்திருந்தது. அவற்றுள் மற்ற எதையும்விட அதிகம் பேர் வைத்திருந்தது 123456. கடவுச்சொல் உடைக்கப் பழகுகிறவர்கள் இன்றும் அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2012-ல் லிங்க்டின் தளத்திலிருந்து கசிந்தவை 65 இலட்சம் என்றுதான் முதலில் தெரிந்தது. 2016-ல் 11 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்த பிறகே உண்மையான அளவு வெளிப்பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் அதே கடவுச்சொல்லை வேறு இடங்களில் வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பொறுப்புள்ள தளம் கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதிலிருந்து ஒரு வழியில் மட்டும் கணக்கிடக்கூடிய ஹாஷ் என்ற குறியீட்டைச் சேமிக்கிறது. அந்தக் குறியீட்டைத் திருடியவன் பின்னோக்கிக் கணக்கிட முடியாது என்பதால், ஒவ்வொரு சொல்லாக ஊகித்துப் பார்க்கிறான். ஆங்கிலச் சிற்றெழுத்து எட்டைக் கொண்டு அமைக்கக்கூடிய சொற்கள் ஏறத்தாழ 20,882 கோடி. கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும், எஸ்எச்ஏ-1 போன்ற வேகமான பழைய ஹாஷ் முறையாக இருந்தால், விளையாட்டுக் கணினியில் பொருத்தும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று சில வினாடிகளில் அத்தனையையும் முயன்று முடித்துவிடும். ஆகவே நீளம் வேண்டும், கணக்குக்குக் கணக்கு வேறுபாடு வேண்டும். இரண்டையும் நினைவில் மட்டும் வைத்துக்கொள்ள எவராலும் இயலாது. அதனால்தான் எழுதி வைப்பது தேவையாகிறது.

ஓய்வுபெற்ற காசாளர் (நெல்லிக்குப்பம்)

மேலே எழுதிய தம்பியின் கருத்தை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. வங்கிக் கிளையில் பணியாற்றிய காலம் முழுவதும், கடவுச்சொல்லை எழுதக் கூடாது என்பதும் 90 நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் எங்களுக்குக் கட்டாய விதிகள். ஏடிஎம் அட்டையின் உறையிலேயே இரகசிய எண்ணை எழுதி வைத்து, அட்டையோடு பணத்தையும் இழந்து வந்து நின்ற முதியவர்களை நான் கவுன்ட்டருக்கு மறுபுறம் இருந்து பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் திருடன் மட்டுமா வருகிறான்? வேலைக்கு வருபவர், வாடகைக்கு இருப்பவர், உறவினர் பிள்ளைகள் எனப் பலர் வந்து போகிறார்கள். பணம் எடுத்தது சொந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போன குடும்பங்களும் உண்டு.

திருப்பாதிரிப்புலியூரான்

ஐயா சொன்னதில் ஒரு பகுதி முற்றிலும் சரி. ஏடிஎம் எண்ணையும் யுபிஐ எண்ணையும் நோட்டில் எழுதவே கூடாது. நான்கு இலக்கத்தில் அமைவது 10,000 எண்கள் மட்டுமே. சில முறை தவறாக இட்டால் அட்டை முடங்கிவிடும் என்பதும், அட்டையும் எண்ணும் ஒரே இடத்தில் இருக்காது என்பதுமே அங்குள்ள பாதுகாப்பு. வீட்டில் நம்பிக்கைக்கு உரியவரல்லாதோர் புழங்கினால் பூட்டக்கூடிய இடத்தில்தான் நோட்டு இருக்க வேண்டும் என்பதையும் ஏற்கிறேன்.

90 நாள் விதியை மட்டும் மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டியும் அந்தப் பழக்கம் உலகெங்கும் பரவக் காரணமாக இருந்தது. அதை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காகத் தாம் வருந்துவதாக 2017-ல் வெளிப்படையாகவே கூறினார். அதே நிறுவனம் அதே ஆண்டில் விதியை மாற்றிக்கொண்டது: கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது கடவுச்சொல்லைக் காலமுறைப்படி மாற்றச் சொல்ல வேண்டாம்; பெரிய எழுத்து, எண், குறி என்று கலக்கும்படி கட்டாயப்படுத்தவும் வேண்டாம்; நீளத்துக்கு இடம் கொடுங்கள்; ஏற்கெனவே கசிந்த பட்டியலில் உள்ள சொல்லைத் தடுத்துவிடுங்கள். 2025-ல் வந்த திருத்தம், கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் கணக்குக்குக் குறைந்தது 15 எழுத்துகள் வேண்டும் என்கிறது.

காரணம் எளியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால், கடலூர்@1 என்பதைக் கடலூர்@2 என்று மாற்றுவார்கள். பழையதை அறிந்தவனுக்குப் புதியதை ஊகிக்க ஒரு நிமிடம் போதும்.

முதுநகர் இணையகம் (கடலூர் முதுநகர்)

நான் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். நோட்டா, நினைவா என்ற விவாதத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை அன்றாடம் பார்ப்பதால் எழுதுகிறேன்.

அரசுப் பணித் தேர்வாணையப் பதிவுக்கும், பொறியியல் கலந்தாய்வுக்கும், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் சென்டாக் என்ற கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்துக்கும் வருபவர்களில் பலருக்கு மின்னஞ்சல் முகவரி இருப்பதில்லை. கடைக்காரரே ஒன்றைத் தொடங்கி, பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்துக் கடவுச்சொல் போட்டு, கூட்டம் காத்திருக்கிறது என்பதால் மீட்பு எண்ணாகக் கடையின் கைப்பேசி எண்ணையே கொடுத்துவிடுவது எங்கள் தொழிலில் பரவலான வழக்கம். விண்ணப்பம் போய்விடும், பிள்ளையும் மகிழ்ச்சியாகப் போய்விடும். ஆனால் அந்த மின்னஞ்சல் யாருடையது? கடவுச்சொல் மறந்துவிட்டது என்று எவர் அழுத்தினாலும் புதிய சொல் அமைப்பதற்கான குறியீடு கடைக்காரருக்குத்தான் வரும்.

என் கடையில் விசைப்பலகையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவிடுவேன். கடவுச்சொல்லை அவரே அடிக்க வேண்டும், அவருடைய எண்ணையே மீட்பு எண்ணாகக் கொடுக்க வேண்டும், குறியீடு அவருடைய கைப்பேசிக்கு வந்ததை அவரே பார்த்துச் சொல்ல வேண்டும். உள்நுழைந்த தடயத்தைக் கணினியில் சேமிக்காத மறைநிலைச் சாளரத்தில்தான் திறப்போம். முடிந்ததும் அவர் கண்ணெதிரே வெளியேறி மூடுவோம். இதனால் ஒருவருக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகிறது, சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆனாலும் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று. ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். பழைய எண்ணை மின்னஞ்சலிலும் வங்கியிலும் மாற்றாமல் விட்டவருக்கு உரிய குறியீடுகள் அந்த முன்பின் தெரியாத மனிதருக்குப் போய்ச் சேரும்.

புதுவைப் பேரன் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

முதுநகர் அண்ணன் சொன்னதை எங்கள் ஊர் அனுபவத்தோடு உறுதிப்படுத்துகிறேன். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். உயிர்வாழ்வுச் சான்று தொடர்பான கடிதப் போக்குவரத்துக்கு மின்னஞ்சல்தான் வழி. அந்த மின்னஞ்சலைத் தொடங்கிக் கொடுத்தவர் பாரிஸில் இருக்கும் மாமா. மீட்பு எண்ணும் அவருடையதே. இங்கே காலை ஏழு மணிக்குத் தாத்தா உள்நுழைய முயன்றால், அங்கே கோடையில் விடியற்காலை மூன்றரை, குளிரில் இரண்டரை. குறியீடு தூங்குகிற மாமாவின் கைப்பேசியில் கிடக்கும். குடும்பத்துக்குள் நம்பிக்கை இருந்தும் கணக்கு பயன்படாமல் போயிற்று.

இப்போது குறுஞ்செய்திக்குப் பதிலாக, குறியீட்டைத் தானே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியை வைத்திருக்கிறோம். 30 வினாடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்க எண்ணைக் கைப்பேசியே கணக்கிடுகிறது. சிம் கார்டோ இணையமோ தேவையில்லை. அமைக்கும்போது திரையில் வரும் கியூஆர் கட்டத்தைத் தாத்தாவின் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் படமெடுத்துக்கொண்டதால் இரண்டிலும் ஒரே எண் வருகிறது. சிம் கார்டைப் போலி ஆவணத்தால் மாற்றிக் குறுஞ்செய்தியைக் கைப்பற்றும் மோசடியும் இதனிடம் செல்லாது.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. முதுநகர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் அப்பாவோடு உட்கார்ந்து மின்னஞ்சல் கணக்கின் அமைப்புகளைத் திறந்து பார்த்தோம். மீட்பு எண்ணாக இருந்தது அவர் பணியில் இருந்தபோது வைத்திருந்த எண். அது கையை விட்டுப் போய் நெடுங்காலமாகிறது. மின்னஞ்சலுக்கும் துணிமணி வாங்கும் ஒரு தளத்துக்கும் ஒரே கடவுச்சொல். நோட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தும் அப்பாவுக்கு அது உறுத்தவில்லை.

இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தபோது, எங்கள் உறவினர் வீடுகளில் தரைத்தளப் பீரோக்களில் இருந்த பத்திரங்கள்கூட நனைந்து ஒட்டிப்போயின. ஒரே நோட்டை நம்பலாமா? அடுத்து, என்னைப் போல் கணக்குகள் அதிகம் உள்ளவர்கள், எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு பெட்டகத்தில் பூட்டி வைக்கும் கடவுச்சொல் மேலாளர் செயலியை நம்பலாமா?

திருப்பாதிரிப்புலியூரான்

நீங்கள் பார்த்தது சரியான இடம். வங்கி, ரயில், கடை என எல்லாவற்றிலும் "கடவுச்சொல் மறந்துவிட்டதா" என்ற வழி பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் போய் முடிகிறது. மின்னஞ்சல் ஒருவன் கையில் சிக்கினால், மற்ற கடவுச்சொற்கள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அவன் ஒவ்வொன்றையும் மாற்றி அமைத்துவிடுவான். அதனால் இன்றே மின்னஞ்சலின் மீட்பு எண்ணை மாற்றுங்கள், பிறகு அதன் கடவுச்சொல்லை வேறெங்கும் இல்லாத ஒன்றாக மாற்றுங்கள், அதன் பின், கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். கூகுள் கணக்கு என்றால், கைப்பேசி தொலைந்தாலும் நுழைவதற்கு எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்து கிடைக்கும், அவற்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது குறள், பாட்டு, பழமொழி, பேரப்பிள்ளையின் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எல்லோரும் அறிந்த தொடரை இயந்திரமும் அறியும். 1995-ல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் டைஸ்வேர் என்ற முறையைக் கொடுத்தார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து, ஆறு பக்கப் பகடையை ஐந்து முறை உருட்டி வரும் எண்ணைக் கொண்டு ஒரு சொல்லைப் பொறுக்குவது அம்முறை. அப்படி ஐந்து சொற்களை எடுத்தால், எட்டுச் சிற்றெழுத்துச் சொல்லைவிட 13 கோடி மடங்குக்கும் அதிகமான சாத்தியங்கள் கிடைக்கின்றன. அப்பாவுக்கு ஆங்கிலப் பட்டியல் வசதிப்படாவிட்டால், தடித்த தமிழ் அகராதியைக் கண்மூடித் திறந்து விரல் வைத்த சொல்லை எடுக்கட்டும். நெம்புகோல், பாகற்காய், சுண்ணாம்பு, ஓடம், திண்ணை என்பதுபோல் தொடர்பில்லாத ஐந்து. பல தளங்கள் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை என்பதால் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியிருக்கும். அப்போது ஒரே எழுத்துக்கூட்டலை நோட்டில் தெளிவாக எழுதிவிட வேண்டும். நான் இங்கே எழுதிய ஐந்தையும் யாரும் பயன்படுத்த வேண்டாம்.

மேலாளர் செயலியைத் தாராளமாக நம்பலாம். பிட்வார்டன், கீபாஸ் போன்றவற்றின் மூலநிரல் எவரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. கீபாஸ் பெட்டகம் உங்கள் கணினியிலேயே தங்கும். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற மேலாளர் செயலி நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் மறைகுறியாக்கப்பட்ட பெட்டகங்களின் நகல்கள் திருடுபோனது உண்மை. அப்போது பெரிதும் அஞ்ச வேண்டியிருந்தவர்கள், பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைப் பலவீனமாக வைத்திருந்தவர்களே. ஆகவே அந்த ஒரு சொல்லுக்கு மேலே சொன்ன முறை கட்டாயம்.

நோட்டுக்கு இல்லாத ஒரு நன்மை செயலிக்கு உண்டு, அதை நான் மிகவும் மதிக்கிறேன். வங்கியின் பெயரில் ஓர் எழுத்து மாற்றிய போலித் தளத்தை நம் கண் கவனிக்காமல் விடலாம். ஆனால் செயலி முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் அங்கே கடவுச்சொல்லை நிரப்பாது. நோட்டைப் பார்த்து அடிக்கும் அப்பாவுக்கு அந்தத் துணை இல்லை. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. எனவே அப்பாவின் நோட்டில் ஒவ்வொரு கணக்கின் அருகிலும் சரியான முகவரியையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்; குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்தாமல், நோட்டில் உள்ளதை அடித்தே அவர் நுழையட்டும். பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியே வைத்திருக்கும் மறைதிறவு) வசதி உள்ள தளங்களில் இந்தக் கவலை பெருமளவு குறையும்; அந்த மறைதிறவு உரிய முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும், அப்பா கைரேகை வைத்தால் போதும்.

ஓய்வுபெற்ற காசாளர்

முகவரியை எழுதி வைக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நோட்டு பற்றிய என் எதிர்ப்பை, பூட்டிய பீரோ என்ற நிபந்தனையோடு விலக்கிக்கொள்கிறேன்.

நடந்துவிட்ட பிறகு செய்ய வேண்டியதையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பணம் போனது தெரிந்ததும் வங்கியின் உதவி எண்ணுக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமல்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் ஆனால் ஒரு வரம்பு வரை சுமக்க வேண்டும். ஆனால் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ அவரே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவரையே சேரும். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் புகார் எழுதும்போது நினைவில் கொள்ளலாம்.

வில்லியனூர் வாசகி (புதுச்சேரி)

இந்த விவாதத்தை மௌனமாகப் படித்து வந்தேன். என் கணவர் காலமானபோது அவருடைய கைப்பேசியின் பூட்டும் தெரியவில்லை, மின்னஞ்சலும் தெரியவில்லை. காப்பீட்டு ஆவணங்களும் பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களும் அதற்குள்தான் இருந்தன. படங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. கெடிலக்கரை அவர்களின் அப்பா நோட்டு வைத்திருப்பதை ஒரு பேறாகவே நான் பார்க்கிறேன். அவர் இருக்கும்போதே அதை அம்மாவுக்கும் காட்டிவிடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்

அம்மா, படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்: கணக்குக்கு உரியவர் இறந்த பிறகு, கடவுச்சொல் தெரியும் என்பதற்காக அவருடைய கணக்கில் நுழைந்து பணத்தை மாற்றக் கூடாது, பிற வாரிசுகளோடு வழக்கு வரை போய்விடும். வங்கிப் பணத்துக்கு நியமனதாரர் (நாமினி) பதிவுதான் முறையான வழி.

திருப்பாதிரிப்புலியூரான்

படங்களுக்கும் கடிதங்களுக்கும் உயிரோடு இருக்கும்போதே வழி செய்ய முடியும். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பு இருக்கிறது. நாம் குறிப்பிடும் காலத்துக்குக் கணக்கு பயன்படாமல் இருந்தால், நாம் தேர்ந்தெடுத்தவருக்கு நாம் தேர்ந்தெடுத்த தரவுகள் மட்டும் போய்ச் சேரும். ஆப்பிளிலும் மரபுத் தொடர்பாளர் என்ற பெயரில், நம் மறைவுக்குப் பிறகு தரவுகளைப் பெற ஒருவரை நியமிக்கும் வசதி உண்டு. இரண்டு ஆண்டுகள் பயன்படாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியிருப்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கெடிலக்கரை

மின்னஞ்சலின் எண்ணும் கடவுச்சொல்லும் மாறிவிட்டன. அகராதியைத் திறந்து சொல் எடுக்கும் வேலையை அப்பா விரும்பிச் செய்தார். வங்கிக்கும் ரயிலுக்கும் புதிய தொடர்கள் அமைத்துவிட்டார். வெள்ளத்துக்காக, மின்னஞ்சல் தொடரையும் காப்புக் குறியீடுகளையும் மட்டும் ஒரு தாளில் எழுதி உறையிட்டு, பண்ருட்டியில் மாடி வீட்டில் இருக்கும் அத்தையிடம் கொடுக்கப்போகிறோம். உறையில் போடுவதற்கு முன் தாளை லேமினேட் செய்யலாமா என்று அப்பா கேட்கிறார்.

முதுநகர் இணையகம்

லேமினேட் செய்ய வேண்டாம். அதற்குத் தாளை யாரோ ஒருவர் கடையில் கொடுக்க வேண்டியிருக்கும், அவர் படித்துவிடுவார். தவிர, காப்புக் குறியீடு ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும் என்பதால், பயன்படுத்தியதைப் பேனாவால் அடிக்க இடம் வேண்டும். பால்பாயின்ட் பேனாவில் எழுதி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றி மூடிக் கொடுங்கள். மை ஊற்றி எழுதும் நீலப் பேனா வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். தண்ணீர் பட்டால் அது கலைந்துவிடும்.